ரோஜா சாப்பிட்ட சம்பந்தி

தாவரவியலில் ஒரு டிகிரி வாங்கியதுமே நான் விஞ்ஞானி ஆகிவிட்டதாக நம்பினேன். (வீட்டில் வேறு யாரும் நம்பவில்லை.) தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தைத் தாண்டி ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை. சர்க்கரை கலந்த ஜெல்லியில், கண்ணாடி பாட்டிலுக்குள் குட்டிக் குட்டிச் செடிகளை வளர்ப்போம்.

அக்கா கல்யாணத்துக்குத் தேங்காய்ப் பை வேண்டாம், ஆளுக்கொரு பாட்டில் ரோஜாச் செடி கொடுப்போம் என்று பிடிவாதம் பிடித்தேன். மேனேஜரும் செடிகளைக் கொடுத்தார்.

“மூடியை இறுக்காதம்மா. லூஸா இருக்கட்டும்.”

எனக்கோ எறும்பு பயம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே இறுக்கி மூடி, மெழுகு உருக்கி ஊற்றி, டேப்பும் சுற்றி ஜன்னலோரம் அடுக்கினேன்; கல்யாண வேலையில் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தி பெண்கள்தான் ஜிகினாத் தாள் சுற்றினார்கள். நான் பியூட்டி பார்லரில் இருந்தேன். பாட்டிலுக்குள் இருந்ததைப் பார்த்தும், ‘விஞ்ஞான ரோஜா இப்படித்தான் இருக்கும்போல’ என்று அன்றைக்குப் பார்த்து என்னை நம்பித் தொலைத்தார்கள்.

குரோம்பேட்டை மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா முதல் பாட்டிலைப் பிரித்தார்.

“என்னம்மா இது, ஊறுகாயா?”

“ரோஜா, அத்தை.”

“இலை எங்க?”

“கீழ... கொட்டிக் கிடக்கு.”

இலையில்லாத தண்டு, ஊறிய ஜவ்வரிசி போலக் கண்ணாடியாய் ஊதி நின்றது. அதற்குள் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மெழுகைச் சுரண்டி, ஸ்பூனால் ஜெல்லியை அள்ளிக்கொண்டிருந்தார்.

“பரவால்ல. இனிப்புதான் கம்மி.”

“இன்னா சார், பாயசம் கீது, அத்த வுட்டுட்டு செடியத் துன்னுகினு கீறீங்க?” என்றார் பரிமாறியவர்.

ஜெல்லியில் வளர்ச்சி ஹார்மோன் கலப்போம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டுப்புடவையோடு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

“அந்த அளவுக்கு மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் மேனேஜர். “மூடியை எப்படி மூடின?”

சொன்னேன்.

“மெழுகா! செடி விடற எத்திலீன் வாயு வெளிய போக வழியே இல்ல, இலை கொட்டிடுச்சு. ஈரமும் உள்ளயே நின்னு தண்டு ஊதிடுச்சு. செடிக்கு மூச்சு முட்டியிருக்கும்மா.”

எனக்கும் முட்டியது. திரும்பி வந்து பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். சம்பந்திச் சண்டை வெடிக்கும் என்று அப்பா கைகளைப் பிசைந்தார். பெரியப்பாவோ, “வளர்ச்சி ஹார்மோனா?” என்று பளபளத்த வழுக்கையைத் தடவி, இன்னொரு பாட்டில் கேட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூறை நெருங்கும் வயதிலும் ஒவ்வொரு விசேஷத்திலும் தலையைக் குனிந்து காட்டி, “ஒண்ணுமே ஆகலையேம்மா!” என்று என்னிடம் குறைப்படுகிறார்.