அரசாங்கக் கார்டை ஏற்கிற ஆள்

"இங்க நாய்க்குத்தான் முடி வெட்டுவோம், மனுஷனுக்கு இல்ல," என்றாள் போனில் இருந்தவள்.

"முடி வெட்ட இல்லம்மா. மனசு விட்டுப் பேசணும். பட்டியல்ல உங்க நம்பர்தான் போட்டிருக்கு."

"நாய் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப நாம பேச ஒண்ணும் இல்லையே," என்று வைத்துவிட்டாள்.

காப்பீட்டு ஆபீஸ் அனுப்பிய பட்டியலில் மெர்ல் ட்வோராக் அந்த வரியை அடித்தார். அதற்கு மேலே இருந்த வரிகளும் அடிபட்டுத்தான் கிடந்தன. ஒன்று பீட்சா கடை. ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் எடுத்த அம்மாள், "அவர் செத்து மூணு வருஷமாச்சு, நீங்க யாரு?" என்று கேட்டாள். மெர்ல் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைக்கப் போனார். "வைக்காதீங்க, அவருக்குத் தெரிஞ்சவரா?" என்று அவள் கேட்டபோது, இல்லை என்று சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

எல்லாம் கிளினிக் நர்ஸ் கிளப்பிவிட்டது. தோள்பட்டைக்கு ஊசி போட வந்தவரிடம், போகிற போக்கில் கேட்டாள்: "வீட்டுல யார்கூடப் பேசுவீங்க?"

"ரேடியோவுல வானிலை சொல்ற பொண்ணுகூட."

"அவ பதில் சொல்வாளா?"

"நேத்து சொல்லல. ஆலங்கட்டி மழை வரும்னு சொன்னா, வரல. கேட்டேன். சண்டை ஆயிடுச்சு."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க."

"எனக்குப் பிள்ளைங்களே இல்லையேம்மா. வந்து யாரைத் தூக்கிட்டுப் போவாங்க?"

"அது குழந்தைகள் நல ஆபீஸ் ஆளுங்க, வேற. இவங்க உக்கார வச்சு நம்ம பேச்சைக் கேப்பாங்க. அதுக்குன்னே படிச்சு லைசென்ஸ் வாங்கினவங்க. உங்க அரசாங்க இன்சூரன்ஸ் கார்டை ஏத்துக்கிற ஆளாப் பாத்துப் பிடிச்சுக்குங்க."

பாத்துப் பிடிச்சுக்குங்க. சந்தையில் தக்காளி பொறுக்கச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மெர்ல் அயோவாவில் பன்றி அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் கத்தி பிடித்தவர். உள்ளே பன்றியைத் தொங்கவிட்ட சங்கிலி ஓடுகிற சத்தத்தில் எல்லோரும் காதை அடைத்துக்கொள்வார்கள். பேச்செல்லாம் கையால்தான். கத்தி மழுங்கிவிட்டது என்றால் முன்னங்கையில் இரண்டு தட்டு. மேஸ்திரி வருகிறான் என்றால் தாடையைத் தடவ வேண்டும். அடுத்த இடத்தில் நின்ற கம்ஃபூ என்கிற லாவோஸ்காரனோடு பத்தொன்பது வருஷம் இப்படியே பேசியிருக்கிறார். கையால் ஜோக் சொல்வான். கையாலேயே திட்டுவான். அவன் பெண்டாட்டி செத்த வாரம் அவன் கை ஒன்றுமே சொல்லவில்லை. மெர்ல் தன் பங்கோடு அவன் பங்கையும் சேர்த்து அறுத்தார். தோள்பட்டை கழன்று ஆலை அவரை வெளியே அனுப்பியபோதுதான், அவன் வீடு எங்கே என்று கேட்டுக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போன் நம்பர் கிடைத்திருந்தாலும் என்ன செய்ய? போனில் கை தெரியாது.

வீடு ஆலையைப் போல இல்லை. காதடைப்பே தேவையில்லாத வீடு.

பட்டியலில் மிச்சம் ஒரே ஒரு வரி. ஏதோ ஒரு குடும்ப ஆலோசனை மையம். எண்ணைச் சுழற்றினார். எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் கணகணவென்று இரும்புச் சத்தம். ஆபீசில் வெந்நீர்க் குழாய் பழசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அரசாங்கக் கார்டை ஏத்துக்கிறீங்களா?"

பின்னாலிருந்த இரும்புச் சத்தம் நின்றது.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்கம்மா. எனக்குப் பழகிடுச்சு."

ஒரு பெருமூச்சு கேட்டது. "எத்தனை இடத்துல கேட்டீங்க?"

"நாய்க்கு முடி வெட்டுற கடையோட எண்ணுறதை விட்டுட்டேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால், மெர்ல் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"கார்டை உள்ள வைங்க," என்றாள். "என்னை பெர்னடின்னு கூப்பிடுங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

சொல்லுங்க என்றதும் ஒன்றும் வரவில்லை. சோளம் இந்த வருஷம் உயரம் கம்மி என்றார். ம் என்றாள். கூரையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது என்றார். ம் என்றாள். பிறகு கம்ஃபூவைப் பற்றி ஆரம்பித்தார். வெளியே இருட்டுகிறவரை நிறுத்தவில்லை.

"அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிடுங்க," என்றாள் பெர்னடின். "ரெண்டு மணிக்கு மேல எனக்கு வேலை ஓஞ்சிடும்."

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் மெர்ல் முகம் மழித்துக்கொண்டுதான் போன் செய்வார்.

ஒரே ஒரு உறுத்தல். அவள் கார்டு எண்ணைக் கேட்கவே இல்லை. "பில்லு போடுங்க பெர்னடின்," என்றால், "அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு?" என்பாள். மெர்லுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காப்பீட்டு ஆபீஸ் இந்த அம்மாளை ஏமாற்றுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்து, பில் போடுவதையே விட்டுவிட்டாள். ஒருவர் உழைத்த கூலி அவர் கைக்குப் போகவில்லை என்றால் மெர்லுக்குச் சோறு இறங்காது. தொழிற்சங்கத்தில் கொடி பிடித்த கை அது.

அந்த ஆபீசின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி நெடுநேரம் பியானோ வாசித்துவிட்டு ஒரு பையன் வந்தான்.

"உங்க புகார் என்ன சார்?"

"புகார் உங்க மேலதான் தம்பி. இந்தக் குடும்ப ஆலோசனை மையத்துல ஒரு அம்மா வாராவாரம் எங்கூடப் பேசுறாங்க. நீங்க அவங்களுக்குச் சேர வேண்டியதைக் குடுக்கிறதில்ல."

"அப்படியா சார்? தொடர்பு எண்ணைச் சரிபாத்துடலாம். உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னார். தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"சரி பண்ணிட்டேன் சார்."

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"நாங்க வேகமான ஆளுங்க சார்."

அவன் சொன்னது பொய்யில்லை. மறுநாள் காலையிலேயே மெர்ல் வீட்டுப் போன் அடித்தது. ஒரு பெண். மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "அரசாங்கக் கார்டை ஏத்துக்கிறீங்களா?"

"தப்பான நம்பர்மா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க," என்று வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர். மெர்ல் மறுபடியும் உதவி எண்ணைப் பிடித்தார். இந்த முறை ஒரு பெண்.

"என் நம்பரை மையத்து நம்பர்னு போட்டுட்டீங்க. எடுத்துடுங்க."

"மையத்தோட எண்ணை மாத்தணும்னா மையத்துல இருந்துதான் சார் சொல்லணும்."

"மையம்னு நீங்க போட்டிருக்கிறதே என் வீடுதாம்மா. சொல்றேன், மாத்துங்க."

"அப்ப உங்க லைசென்ஸ் நம்பர்?"

"எனக்கேது லைசென்ஸ்?"

"அப்ப நீங்க மையம் இல்லையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"கோபப்படாதீங்க. இருங்க, நானே அங்க போன் பண்ணிக் கேட்டுடறேன்." பியானோ வாசித்தது. திரும்பி வந்தாள். "எங்கேஜ்டா இருக்கு சார். ரொம்ப பிசியான மையம் போல."

மெர்ல் போனை வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்தார்.

அடுத்து, போனை எடுக்காவிட்டால் தானே பேசுகிற பதில் இயந்திரத்தில் தன் குரலைப் பதிந்து வைத்தார்: "இது மையம் இல்லை. இங்கே யாரும் படித்தவர்கள் இல்லை. மன்னிக்கவும்." அதில் ஒரு வில்லங்கம். மன்னிக்கவும் என்று முடித்ததால் கேட்டவர்களுக்கு மனசு இளகிவிட்டது. சோளம் ஏற்றுகிற லாரி டிரைவர் ஒருவன் இயந்திரத்திடமே பேச ஆரம்பித்துவிட்டான்.

"பரவாயில்லண்ணே. நீங்க ஒருத்தராவது மரியாதையாச் சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. வண்டியை நிறுத்தினா இறங்கத் தோணல, அவ்வளவுதான். நேத்து வீட்டு வாசல்லயே நிறுத்தி உள்ளயே உக்காந்திருந்தேன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மெர்லுக்குக் கை பரபரத்தது. எடுத்துவிட்டார்.

"முன்னாடியே சொல்லிடறேன். நான் பன்னி அறுத்தவன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"எங்கப்பாவும் அந்த ஆலைதாண்ணே. ஒரு நாள் எங்கூட உக்காந்து பேசினதில்ல."

"பேச வராதுப்பா எங்களுக்கு. கை பேசியிருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, சொல்லு. வண்டியில உக்காந்து என்ன பண்ணின?"

டேரல் என்கிற அந்த டிரைவர் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தான். மூக்கை உறிஞ்சின பெண்ணும் திரும்ப வந்தாள். எல்லோரிடமும் முதல் வரியிலேயே பன்றியைச் சொல்லிவிடுவார். ஒருவரும் வைக்கவில்லை. பெர்னடின் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்ததால் அவருக்கும் ம் சொல்ல வந்தது. எங்கே ம் சொல்ல வேண்டும், எங்கே அதைக்கூடச் சொல்லக் கூடாது என்பது பிடிபட்டது. வானிலைப் பெண்ணை அவர் மறந்தேபோனார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை பெர்னடினின் குரல் கம்மியிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். என்னமோ தெரியல மெர்ல், முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா போன் ஓயாம அடிக்கும். இப்ப ஒண்ணுகூட வர்றதில்ல. வீடே செத்துக் கிடக்கு. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

மெர்லுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு வர வேண்டிய ஆட்கள்தான் இங்கே வருகிறார்கள். அந்த ஆபீஸ் பையன் அவள் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவர் எண்ணை வைத்துவிட்டான். கூலி வாங்கித் தரப் போனவர் வேலையையே பிடுங்கிக்கொண்டார். ஆலையில் வேலைநிறுத்தத்தின்போது அடுத்தவன் இடத்தில் போய் நின்று கத்தி பிடித்தவர்களை அவர் இன்றுவரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது கண்ணாடியில் அப்படி ஒருவன் நிற்கிறான்.

"அடுப்புல என்னமோ தீயுது," என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று மாலை டேரல் கூப்பிட்டதும் பெர்னடினின் எண்ணைக் கொடுத்தார். "அவங்க முறையாப் படிச்சவங்கடா. லைசென்ஸ் இருக்கு. அங்க பேசு."

"படிச்சவங்களா? எனக்கு வேண்டாம்ணே, பேச வாயே வராது. நான் உங்ககிட்டயே இருந்துக்கறேன்."

"டேய், நான் திருடன்டா."

"பரவாயில்லண்ணே."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். மூக்கை உறிஞ்சின பெண் தன் தங்கையிடமும் இவர் எண்ணைக் கொடுத்திருந்தாள். தங்கைக்கு ஒரு தோழி இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க மெர்ல் சரியாகத் தூங்கவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். பெர்னடினுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவளிடம்தான் அவர் எதையும் மறைத்ததில்லை. சொன்னால் அவள் போனை எடுக்க மாட்டாள். அவள் எடுக்காவிட்டால் மெர்ல் பேசுவதற்கு ஆள் இல்லை. டேரல் பேசுவதைக் கேட்கலாம். டேரலிடம் போய்த் தன் பாட்டைச் சொல்ல முடியுமா? கேட்கிறவனுக்கும் ஒரு காது வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முகம் மழிக்காமலே போன் செய்தார்.

"பெர்னடின், நான் முடிக்கிறவரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க."

"ம்."

"உங்க ஆளுங்க வராததுக்குக் காரணம் நான்தான். உங்களுக்குக் கூலி வரட்டும்னு ஆபீசுக்குப் புகார் பண்ணினேன். அவனுங்க உங்க நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டுட்டானுங்க. எல்லாரும் எனக்குத்தான் பண்றாங்க. நானும் வைக்காமக் கேட்டுட்டேன். ரெண்டு மாசமாக் கேக்கறேன். கேக்க நல்லாவும் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். படிச்சு லைசென்ஸ் வாங்கின உங்க பொழப்பை ஒரு பன்னி அறுக்கிறவன் பிடுங்கிட்டான். போலீசுல சொல்லுங்க, எங்க வேணா சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்." குரல் உடைந்தது. "இந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்தப் பக்கம் குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. கனமான ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து அதில் உட்காருகிற சத்தம்.

"அழாதீங்க மெர்ல்," என்றாள் பெர்னடின். "நான் பள்ளிக்கூடத்துல சமைக்கிறவ. நாலு வருஷத்துக்கு முன்னாடி, பேச்சுக் கேக்க ஒரு ஆள் கிடைக்காம, நானும் அந்த ஆபீசுக்கு ஒரு புகார்தான் சொல்லப் போனேன்."