மந்திரம் ஏற்றிய கற்பூரவல்லி

மனைவி மங்களம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்த மாலை. பனியும் புகையுமாக டெல்லி மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ரங்கராஜனுக்கு நாக்கு ஊறியது. ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவிலிருந்த கற்பூரவல்லி இலைகளைக் கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டுத் தின்றார். டப்பா மூடியிலிருந்த குங்குமப் பொட்டு, கடைசி பஜ்ஜி உள்ளே போனபிறகுதான் கண்ணில் பட்டது.

இலைச்சித்தர் மந்திரம் ஏற்றிக் கொடுத்த இலை அது. தினம் ஒன்று மென்றால் ஆஸ்துமா ஓடிவிடும், இன்ஹேலரைத் தூக்கிப்போடு என்றிருந்தார் சித்தர். மங்களமும் தூக்கிப்போட்டுவிட்டாள். இப்போது அவள் மாடிப்படி ஏறினால், மார்பு போடும் விசில் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது.

மனைவியிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டும். ரங்கராஜனிடம் அது எப்போதுமே ஸ்டாக் இருந்ததில்லை. பால்கனித் தொட்டியிலிருந்த கற்பூரவல்லியில் நாலு இலை பறித்து டப்பாவில் அடுக்கிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தர் வீட்டில் கூட்டம். அவர் முன்னால் தட்டு நிறைய மந்திர இலை. வாராவாரம் மீதி இலையைக் காட்டி ஆசி வாங்கவேண்டும். காணாமல் போய்விடுமென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புத்தியை மட்டும் வாசலில் விட்டு வந்திருந்தார் ஒரு டெபுடி செகரட்டரி.

மங்களத்தின் இலையை நெற்றியில் வைத்துக் கண்மூடினார் சித்தர்.

"மந்திரம் அப்படியே துடிக்குதும்மா. பொதிகை மலையில என் கையால பறிச்சது."

"எங்க பால்கனியில என் கையால பறிச்சது," என்றார் ரங்கராஜன். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். "உங்க இலையை நான் பஜ்ஜி போட்டுட்டேன்."

"ஏன்னா, பிரசாதத்தையா?" என்றாள் மங்களம்.

"பொய் சொல்றாரும்மா. மந்திர இலையும் வெறும் தழையும் தொட்டாலே எனக்குத் தெரியும்."

"அச்சா," என்று டெபுடி செகரட்டரி செருப்பைக் கீழே வைத்தார். ஆபீஸ் முகம் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்து, கைக்கு ஓர் இலையாக நீட்டினார். "எது மந்திரம், எது பால்கனி?"

சித்தர் தடவினார், மோந்தார். "வலது கை மந்திரம். இடது கை வெறும் தழை."

"ரெண்டுமே உங்க தட்டுல எடுத்தது, சுவாமி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரங்கராஜன் சிரிக்கவில்லை, சித்தரிடம் கேட்டார்.

"கற்பூரவல்லி நல்ல இலைதான். சளிக்குக் கஷாயம் வைக்கலாம், பஜ்ஜியும் பேஷா வரும். ஆனா உங்க வீட்ல யாருக்காவது மூச்சு இரைச்சா என்ன பண்ணுவீங்க?"

போன வாரமும் இதையே கேட்டார், பதிலுக்கு விபூதிதான் கிடைத்தது. வாயில் போடுவதை மோந்து பார்க்கிற ஜனங்கள், காதில் விழுவதையும் ஒருதரம் மோந்து பார்த்திருக்கலாம்.

மங்களத்துக்கு இரைத்தது. சித்தர் அவளைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"எங்கம்மாவுக்கும் இரைப்புதான் சார். டாக்டர் சொன்னபடி, தினமும் இன்ஹேலர்."