ரப்பர் அண்ணாச்சியின் மூக்கு

தென்காசியில் அந்தக் காலத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஆனால் ஒருவருடைய தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர் ஒருவர்தான். ரப்பர் அண்ணாச்சி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த மனிதரைத் திருடன் என்று ஊர் சொன்னபோது, அவர் திருடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தேன். சிரிப்பதற்காக.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பண்ணையாருக்கு அச்சன்புதூர் வரை நிலம். உழவு மாடும் ஆளும் போதாமல், எங்கிருந்தோ ஒரு பெரிய டிராக்டரை வாங்கி வந்தார். நாற்பது குதிரைச் சக்தி என்றார்கள். பார்க்க வந்த விவசாயச் சம்சாரி ஒருவர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "நாப்பது குதிரைங்கீங்க, ஒரு கூடை சாணியக் கூடக் காணலியே" என்று சந்தேகத்தோடு போய்விட்டார். நான் பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்துவிட்டு வந்தவன். டிராக்டர் ஷெட்டின் சாமான் அறைக்கு என்னைக் கிளார்க்காகப் போட்டார்கள். மைதீன் டிரைவர். ரப்பர் அண்ணாச்சி மெக்கானிக்.

அந்த இரும்பு மலையில் ரப்பர் என்று பார்த்தால் கொஞ்சம்தான். நான்கு டயர், ரேடியேட்டர் தண்ணீரை என்ஜினுக்குக் கொண்டுபோகிற இரண்டு ரப்பர்க் குழாய், காற்றாடியைச் சுழற்றுகிற பெல்ட். அண்ணாச்சி இரும்பை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டார்.

"இரும்பு என்னவே இரும்பு. சம்மட்டியால அடிச்சாலும் கெடக்கும். ரப்பர் சீக்காளி. வெயில் ஆகாது, சூடு ஆகாது, எண்ணெய் ஆகவே ஆகாது."

உழவு இல்லாத நாட்களில் டயர்கள் தரையில் படாதபடி வண்டியைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்துவார். டயர்மேல் வெயில் விழாமல் ஓலைப்பாய் கட்டுவார். தினமும் காலையில் குழாய்களைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் சூடு தின்றுவிட்டது என்பார். பஞ்சு மாதிரி இருந்தால் எண்ணெய் தின்றுவிட்டது என்பார். பார்வைக்கு நன்றாக இருக்கிற குழாயை அவர் கழற்றிப் போடும்போது பண்ணையாருக்கு வயிறு எரியும்.

"வே, நல்லாத்தானே இருக்கு. எதுக்குக் கழத்துதீரு?"

"வெடிச்ச பொறவு மாத்துததுக்கு மெக்கானிக் எதுக்கு மொதலாளி? சவம் தூக்குதவன் போதுமே."

ரப்பர் வந்துகொண்டிருந்த மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. செங்கோட்டைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் ரப்பர்த் தோட்டங்கள்தான்; ஆனால் அதெல்லாம் யுத்தத்துக்குப் போனது. கடையில் ஒரு சைக்கிள் டியூப் வாங்க முடியாது. அந்த நேரத்தில் நல்ல குழாயைக் கழற்றுகிறவரைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவரோ எல்லாரையும் சந்தேகப்பட்டார். எங்கள் பக்கம் சனிக்கிழமை என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய்தான். அன்று ஷெட்டின் வாசலில் அண்ணாச்சி குறுக்கே நிற்பார். குனியச் சொல்லுவார், முகருவார், "தள்ளிப் போ" என்பார். அவர் தலை மட்டும் தேங்காய் நார் மாதிரி காய்ந்து நிற்கும். டயரில் ஒரு வெடிப்பைக் கண்டுவிட்டால் விசாரணை தொடங்கிவிடும். ஒரு முறை கோயில் அர்ச்சகரைக் குற்றம் சாட்டினார். ஒரு முறை பண்ணையாரின் மாமியாரை. ஒரு முறை, வடையைத் தூக்கி வந்து டயர்மேல் உட்கார்ந்து தின்ற காக்கையை. அந்தக் காக்கையை அவர் அடையாளம் வைத்திருந்தார். நான்கு மாதம் கழித்தும், "அந்தா வருதான் பாரும், எண்ணெய்க் கள்ளன்" என்று எனக்குக் காட்டினார்.

பங்குனி வெயில் தொடங்கியதும் இன்னொரு கூத்து. கையிருப்பில் ஒரு சோடியை ஷெட்டில் வைத்துவிட்டு, இன்னொரு சோடிக் குழாயையும் பெல்ட்டையும் சாக்கட்டிப் பொடி தூவி, வேட்டியில் சுற்றி, மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு நடப்பார். அங்கே ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால், சன்னல் இல்லாத இருட்டறை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்.

"ரப்பருக்குக் குத்தாலமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மனுசன் மட்டும் சாரல்ல போயி உடம்பத் தேத்தலாமோ? இதுக்கும் குளிர்ச்சி வேணும்லா."

"அங்கதான் சாரல் வந்தா அத்தனை பேரும் எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு அருவியில நிப்பாங்களே."

"அதுக்குத்தான் ரூமு. ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்."

நான் சிரித்தேன். மைதீன் சிரிக்கவில்லை. "குத்தாலத்துக்கா போகுது, இல்ல செங்கோட்டையத் தாண்டி விலைக்குப் போகுதான்னு யாரு கண்டா?" என்றான்.

ஆனால் இத்தனை சந்தேகக்காரர் ஒரே ஒரு ஆளை நம்பினார். என்னை. ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்தவன் ஒன்று சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு, பண்ணையார் அவரை ஒரு சாமான் வாங்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். போகும்போது அண்ணாச்சி, ரப்பர்ச் சாமான்களைப் பூட்டி வைக்கிற பெட்டியின் சாவியை என் கையில் வைத்தார்.

"தம்பி, பூசையெல்லாம் இரும்புக்குப் பண்ணுங்க. சந்தனம் வைங்க, பொட்டு வைங்க. பெட்டியத் தொறக்காதீரும்."

நான் திறந்தேன். பண்ணையார் குடும்பத்தோடு பூசைக்கு வருகிறார். ஒவ்வொரு கருவியும் துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று வரிசையில் இருக்கிறது. பெட்டிக்குள் பார்த்தால், அடுத்து வரும் பிசானப் பருவ உழவுக்குப் பூட்ட வைத்திருந்த புதுக் குழாய்களும் பெல்ட்டும் சாக்கட்டிப் பொடி அப்பிக்கொண்டு, திருநீறு பூசிய பரதேசிகள் மாதிரிக் கிடக்கின்றன. என் பொறுப்பில் உள்ள சாமான் இப்படியா சாமி முன்னால் இருப்பது? எண்ணெய் ஆகாது என்பதும் அந்தக் காக்கைக் கதை மாதிரிதான் என்று நினைத்தேன். அவற்றை ஒரு பகல் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அழுக்கெல்லாம் போய்க் கருகருவென்று வந்தன. கொஞ்சம் சதை போட்ட மாதிரிகூட இருந்தன. மேலே நல்லெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பண்ணையார் பார்த்துவிட்டு, "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

பூசை முடிந்ததும் துடைத்து, பழையபடி பொடி தூவிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு குழாயை எடுத்து முகர்ந்தார். ஷெட் முழுக்கச் சாம்பிராணிப் புகையும் கற்பூர வாடையும் இன்னும் அடங்கவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கட்டை விரலால் அமுக்கினார். நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, இத யாரும் தொட்டாங்களா?"

"இல்லை அண்ணாச்சி."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழாயைப் பூட்டப் போய்விட்டார். காக்கையைக்கூட நம்பாத மனிதர், என்னுடைய ஒரு சொல்லை நம்பினார்.

உழவு தொடங்கிய நான்காம் நாள், வயலின் நடுவே மேல்குழாய் வெடித்தது. கொதிநீர் பீய்ச்சியதில் மைதீன் குதித்து ஓடி வரப்பில் விழுந்தான். பெல்ட்டும் ஊதிப்போய் நழுவிக் கிடந்தது. எந்தக் கடையிலும் மாற்றுச் சாமான் இல்லை. பருவம் போய்க்கொண்டிருந்தது. பண்ணையார் வரப்பில் நின்று கத்தினார்.

"புதுச் சாமானு நாலு நாள்ல வெடிக்குமாவே? நல்லத வித்துட்டு ஊத்தையப் பூட்டிருக்கீரு."

"மூட்டை மூட்டையாப் போச்சே மொதலாளி, நானே பாத்தேன்" என்றான் மைதீன்.

அண்ணாச்சி குனிந்து வெடித்த துண்டை எடுத்தார். அந்த வயலில் சாம்பிராணி இல்லை. ஒரு முறை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"மண்ணெண்ணெய். மேல நல்லெண்ணெய். பெட்டிச் சாவி இந்தத் தம்பிகிட்டதான் இருந்துச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "காக்காய விட்டுட்டீரே அண்ணாச்சி" என்றார். வயல் முழுக்கச் சிரித்தது. பண்ணையாருக்கே கோபத்தின் நடுவில் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களை விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

"குத்தாலத்துல ஒரு சோடி இருக்கு. வந்து பாருங்க" என்றார் அண்ணாச்சி. அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். போலீசுக்குச் சொல்லாமல் விடுகிறேன், ஊரை விட்டுப் போய்விடு என்றார் பண்ணையார். அண்ணாச்சி துண்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் குற்றாலத்திலிருந்து ஒரு வண்டிக்காரன் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். வேட்டியைப் பிரித்தால் இரண்டு குழாயும் ஒரு பெல்ட்டும், பொடி மணக்க, குளுகுளுவென்று இருந்தன. மைதீன் பூட்டினான். வண்டி ஓடியது. உழவு முடிந்தது.

"பாத்தியா," என்றார் பண்ணையார், "பயந்து போயித் திருட்டுச் சாமானத் திருப்பி அனுப்பிட்டான்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுவடை முடிந்ததும் பண்ணையாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "பூசைக்கு எண்ணெய் தடவினா ரப்பர் வெடிக்குமா? இரக்கப்பட்டுப் பழிய ஒன் தலையில போடுதியா? நல்ல குணம்ப்பா." சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது பரவிவிட்டது. எனக்கு ஊரில் மரியாதை ஏறியது. அண்ணாச்சி, இப்பேர்ப்பட்ட நல்லவன்மேல் பழி போடப் பார்த்த பாவியாகிவிட்டார்.

குற்றாலத்துக்குப் போனேன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"அங்கனயே நில்லும். தலையில எண்ணெய் மினுங்குது."

தெருவில் நின்றபடியே சொன்னேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன். யாரும் நான் சொல்வதை நம்பவில்லை என்றும் சொன்னேன்.

"நான் நம்புதேன்," என்றார். "நாந்தானவே மொதல்லயே சொன்னேன்."

பிறகு நீண்ட நேரம் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மேல்குழாய் எப்படி இருக்கு? அமுக்கிப் பாத்தீரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குத்தான் கோபப்பட்டார். "வாயால சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். ஊறப்போட்டுக் காட்டும்" என்று பழைய குழாய் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி, என் காலடியில் வீசினார்.

அடுத்த ஆயுத பூசை அன்று, எல்லார் முன்னாலும் ஒரு துண்டை மண்ணெண்ணெய்ப் பாத்திரத்தில் போட்டேன். மற்றதைப் பக்கத்தில் காய வைத்தேன். மறுநாள் காலையில் அதே கூட்டத்தை மறுபடி கூட்டி, இரண்டையும் பண்ணையார் கையில் கொடுத்தேன். ஊறியது பெருத்திருந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினார். பிய்ந்து வந்தது. போன பூசைக்கு நான் செய்தது இதுதான் என்றேன்.

"அப்ப அண்ணாச்சி சொன்னது நெசந்தானா?" என்றான் மைதீன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பண்ணையார் மைதீனை அனுப்பி அவரை அழைத்துவரச் சொன்னார். மைதீனின் தலையை முகர்ந்துவிட்டு அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் பண்ணையாரே போனார். இரண்டு சனிக்கிழமை எண்ணெய் தொடாமல், தலையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, குற்றாலத் தெருவில் சைக்கிள் கடை முன்னால் குனிந்து நின்றார். அண்ணாச்சி அவசரப்படாமல் முகர்ந்தார். "சரி, போலாம்" என்று வண்டியில் ஏறினார்.

டிராக்டர் பழைய இரும்பாகும் வரை அவர் ஷெட்டில் இருந்தார். என்னிடம் முகம் கோணியதில்லை. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிப்பார், காக்கையைக் காட்டுவார். வேலையை இழக்கத் தயாராக இருந்த என்னைப் பண்ணையார் ஒரு வசவோடு விட்டுவிட்டார். நானாக ஒரு தண்டனை போட்டுக்கொண்டேன். எண்ணெய் தேய்ப்பதை விட்டேன். பிறகு ஒரு நாள் அவர் வெளியூர் கிளம்பும்போது, "பெட்டிச் சாவியை வச்சிட்டுப் போங்களேன் அண்ணாச்சி" என்று கேட்டுப் பார்த்தேன். குனியச் சொன்னார். முகர்ந்தார்.

"தலை சரியாத்தான் இருக்கு தம்பி" என்றார். சாவியை மடியில் செருகிக்கொண்டு போனார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. சனிக்கிழமை வந்தால் என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் வந்து நிற்கிறாள்; வேண்டாம் என்கிறேன். இந்த வயசிலும் என் தலை காய்ந்துதான் கிடக்கிறது. முகர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.