லிஃப்டுக்குள் நாற்பது நாள்

"இன்னையிலேர்ந்து எழுத்தைத் தலைமுழுகிட்டேன்!"

காலை எட்டு மணிக்கு, ஈரத் துண்டோடு நடுக்கூடத்தில் நின்று வசனகர்த்தா சபதம் செய்தார். இப்படி ஒரு சபதத்துக்கு மனைவி கதறுவாள், குறைந்தபட்சம் திரும்பியாவது பார்ப்பாள் என்பது அவர் நினைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு எபிசோடுக்கு ஊரையே அழவைத்தவர் ஆயிற்றே.

மனைவி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"சரிங்க. அப்ப அந்தப் பேனா உங்களுக்கு வேணாம்ல? குடுங்க, அளவு எழுதணும்."

கொடுத்துவிட்டார். வேறென்ன செய்வது, சபதம் சபதம்தானே.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தொழிலே படுத்துவிட்டது. ஷூட்டிங் கிடையாது. டிவியில் பழசையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய தொடரின் கதாநாயகி மாமியாரோடு ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் சேனல்காரர்கள் அதை நிறுத்தினார்கள். ஆறு மாதமாக அவள் லிஃப்டுக்குள் இருக்கிறாள். இவர் வீட்டுக்குள் இருக்கிறார். ஏறி இறங்காத கம்பெனி இல்லை. ஒரு புண்ணியவான் மட்டும் மனமிரங்கி, சோப்பு உறைக்கு நாலு வரி கேட்டார். "ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டார். ஆனை அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது பேனாவும் போயிற்று.

அன்று மத்தியானம் தெருமுனை நர்ஸம்மா யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் சீரியல்ல அந்தப் பொண்ணு லிஃப்ட்ல மாட்டிக்கிச்சே, அப்புறம் என்னாச்சு?"

"அதுவா? கதவு திறந்துச்சு, ஓடி வந்துட்டா. கதை முடிஞ்சுது. கையைத் தூக்கு."

உள்ளறையில் பேப்பர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"ஓடி வந்தாளா? அவ கால்ல மாவுக்கட்டுடி!"

"அப்படியா? அப்ப மாமியார் கத்தி ஆளைக் கூப்பிட்டிருப்பாங்க."

"மாமியாருக்குத் தொண்ணூறாவது எபிசோடுலயே பேச்சு போயிடுச்சு!"

"பின்ன எப்படித்தான் வெளிய வர்றாங்க?"

"வரவே கூடாது!" வசனகர்த்தா கூடத்துக்கே வந்துவிட்டார். "ஜென்மப் பகையாளிங்க ரெண்டு பேரும் இப்பத்தானே முதல் தடவையா ஒண்ணா உக்காந்திருக்காங்க? இருட்டு. மாமியார் மருமக கையைப் பிடிக்கறா. உள்ளங்கையில விரலால ஒவ்வொரு எழுத்தா எழுதறா..."

"என்னன்னு சார்?"

சொன்னார். நர்ஸம்மா தூக்கிய கையை இறக்க மறந்து கண்ணீர் விட்டாள்.

மறுநாள் அவள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். ஒரே வாரத்தில் கூடம் நிறைந்தது. மனைவி தினம் லிஃப்ட் கதவைத் திறப்பாள். இவர் பதறியடித்து மூடுவார். கரண்ட் வந்துவிட்டது என்பாள், பிடுங்கிவிடுவார். ஒருநாள் கதாநாயகனைக் கடப்பாரையோடு அனுப்பினாள். அவனை வேறு மாடிக்குத் திருப்பிவிடுவதற்குள் இவருக்கு வேர்த்துவிட்டது. 'எழுத மாட்டேன்னுதானே சபதம், பேச மாட்டேன்னா சொன்னோம்?' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். மனைவி பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து அளவு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"அப்படி என்னடி எழுதறே? இவ்வளவு அளவா?"

"எல்லாரும் இளைச்சுட்டாங்கங்க. காலம் அப்படி."

நாற்பத்தோராம் நாள் மனைவியின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு இவர் கையில் கொடுத்தாள். பழைய டைரக்டர்.

"யோவ், உங்க வீட்டம்மா அனுப்பின நாப்பது எபிசோடும் படிச்சேன்! ஒரே லிஃப்ட், ரெண்டே ஆளு. இந்தக் கஷ்ட காலத்துல சேனல் இதைத்தான்யா தேடிக்கிட்டிருந்தது. திங்கட்கிழமை ஷூட்டிங், வந்து சேரு!"

"நான் ஒரு வரி கூட எழுதலையே சார்..."

மனைவி அளவு நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். தோள் பதினாலு, கை எட்டு. அதற்குக் கீழே அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்று விடாமல் இருந்தது. 'இங்கே தொண்டை கம்மியது', 'இங்கே எல்லோரும் அழுதோம்' என்று ஓரத்தில் குறிப்பு வேறு. செத்துப்போய்விட்டது என்று அவர் நினைத்திருந்த கதை, அவள் கையெழுத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தைப் புரட்டவே பயமாக இருந்தது. இருபது வருஷம் கூடவே இருந்தவளை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"அப்ப... தெரிஞ்சேதான் தப்புத் தப்பா சொன்னியா?"

"ஒரு எபிசோடு விடாம பாத்தவ, மாவுக்கட்டு மறந்துபோகுமா? எழுதுங்கன்னு கெஞ்சியிருந்தா மாட்டேன்னிருப்பீங்க. தப்பா சொன்னா உங்களால சும்மா இருக்க முடியாது."

பேனாவை அவர் பையில் செருகினாள். அவர் மெதுவாக யோசித்தார்.

"இந்த வீட்டுக்குக் குடிவர வேணாம்னு நீதானே சொன்னே? நான்தானே பிடிவாதமா..."

"ஆமாங்க."

"தையல் மெஷினும் வேணாம்னியே?"

"ஆமாங்க."

வசனகர்த்தா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அப்ப... அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப, 'உங்களைக் கட்டிக்க மாட்டேன்'னு சொன்னியே?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவையும் வருவீங்கன்னு அப்பவே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேனே."