டோல்கேட்டில் நாற்பது வாசகர்கள்

வேலை ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் என் சிறுகதையை ஐநூறு பேர் படிக்க வேண்டும்.

முன்பெல்லாம் கதையை உறையில் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவோம். ஆசிரியர் என்று ஒருவர் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அவராவது படித்தார். அந்தப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், இப்போது இணையத்தில் ஒரு கதைத் தளத்தில் நாமே ஏற்றிக்கொள்கிறோம். ஐநூறு வாசகர்கள் சேர்ந்தால் அச்சுத் தொகுப்பில் இடமாம்.

எனக்கு வயது ஐம்பத்து நாலு. என் பெயரை அச்சில் ஒருமுறை பார்க்க ஆசை. சித்தூர் திருச்சபையின் ஆண்டு மலரில், பாடகர் குழுப் பட்டியலில் வந்திருக்க வேண்டியது. 'மற்றும் பலர்' என்று போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பார்த்தேன். வாசகர்கள் ஒற்றை இலக்கத்தில் இருந்தார்கள்.

நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். திருப்பதியிலிருந்து தினமும் கம்பெனி பஸ். பக்கத்து சீட் தாமோதரன், திருத்தணிக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். போனை வாங்கி ஏதோ அழுத்தினார். திரை கறுப்பானது.

"இது ரகசிய ஜன்னல் சார். இதுல போனா நீ யாருன்னே அதுக்குத் தெரியாது. மூடிட்டுத் திறந்தா மறுபடியும் புது ஆளு."

திறந்தேன். எண்ணிக்கை ஒன்று கூடியது. மூடினேன், திறந்தேன். இன்னொன்று.

ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டி வந்து, நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டது. 'அனுமதி' என்று அழுத்தினேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை.

வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. புத்தூர் வரைக்கும் இருந்தது. நாகலாபுரம் தாண்டும்போது, எழுத்தாளன்தான் வாசகனைத் தேடிப் போக வேண்டும் என்று எனக்கே விளக்கிக்கொண்டேன். சத்தியவேடு வருவதற்குள் ஐம்பது பேரைத் தேடிவிட்டேன்.

போகும்போது ஐம்பது, வரும்போது ஐம்பது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐநூற்று மூன்று.

சனிக்கிழமை காலை, பஸ்ஸில் இருக்கும்போதே சென்னையிலிருந்து போன். அந்தத் தளத்தில் தொகுப்பைக் கவனிக்கும் ஹேமா என்ற பெண். வாழ்த்து சொன்னார். வாசகர் சந்திப்பு ஒன்று வைக்கலாம் என்று, வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என வரைபடத்தில் பார்த்தார்களாம்.

"எல்லாரும் ஒரே ரோட்டுல இருக்காங்க சார். காலையில திருப்பதியில ஆரம்பிச்சு வரிசையா ஸ்ரீ சிட்டி வரைக்கும். சாயந்திரம் அதே வரிசையில திரும்பி வராங்க."

எங்கள் பக்கம் வாசிப்புப் பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"வடமாலபேட்டை டோல்கேட்ல மட்டும் நாற்பது பேர் சார்."

அங்கே வண்டி நிற்க நேரமாகும் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்துத் தாமோதரன், சென்னைக்கே கேட்கும்படி, "இன்னா சார், மாட்டிக்கினியா?" என்றார்.

ஹேமா மெதுவாகக் கேட்டார். "சார், நீங்க இப்ப பஸ்ல இருக்கீங்களா?"

"ஆமாம்மா."

அதற்குமேல் நான் எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. நிறையப் பேர் செய்வதுதான் என்றார். அந்த ஐநூறையும் கழித்துவிடுவார்களாம், தொகுப்பில் இந்த முறை இடமில்லையாம். போனை வைப்பார் என்று பார்த்தால், தயங்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"அந்த ஐநூறுல ஒருத்தர்கூட முதல் பக்கத்தைத் தாண்டலை சார்."

தொகுப்பு போனதைவிட அது வலித்தது.

"ஆனா மீதி மூணு பேர் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் அவர்கள், எந்த ஊர் என்றேன். அவர்கள் இடத்தைச் சொல்ல அனுமதிக்கவில்லையாம். தெரிந்தாலும் அவர் சொல்லக் கூடாதாம், அது அவரவர் அந்தரங்கமாம்.

அன்று முழுக்க ஸ்டோர்ஸில் அதே யோசனை. யார் அந்த மூவர்? போதகரா? பேக்கிங் செக்ஷனில் என்னைப் பார்த்துத் தலையாட்டும் அந்த அம்மாவா? ஊர்ப் பெயரைக்கூட மறைத்துப் படிக்கும் அளவுக்கு என் கதையில் என்ன தப்பு? போல்ட்டுப் பெட்டிகளை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் என் மனைவி எஸ்தரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அந்த மூவரில் ஒருத்தி நீயா?

"நான் இல்லைங்க. நீங்க எழுதி முடிச்சதும் போன்ல அனுப்புனீங்களே, அப்ப ரெண்டாம் பக்கத்துலயே தூங்கிட்டேன்."

என்னைவிட ஒரு பக்கம் அதிகம்.