எரிய மறுத்த தீ

இருபத்தேழாம் பக்கத்திலேயே தீ அணைந்துவிட்டது. படத்தின் திரைக்கதைக்கு மொத்தம் நூற்றுப்பத்துப் பக்கம்.

"பம்பு மக்கர் பண்ணுதுன்னு எழுதியிருக்கியே, சனிக்கிழமை தவறாம ஓட்டிப் பார்க்கிற பம்பு எப்படிடா மக்கர் பண்ணும்?" என்றாள் பெவர்லி. டூராபின் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவள்தான் தலைவி.

ட்ரெவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பதினோரு வருடத்துக்கு முன்பு ஊர் மன்றம் எரிந்து சாம்பலானதை வைத்து ஒரு மர்மப் படம் எழுதியிருந்தான். தீ வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. படத்தில் ஒரு துப்பறிவாளர் வந்து கண்டுபிடிப்பார். மெல்போர்ன் தயாரிப்பாளர் ஒருவர் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். நாற்பத்தாறு வயதில் கதவைத் தட்டிய வாய்ப்பு. விட்டால் இன்னொன்று வராது.

அதனால்தான் படையினருக்கு வண்டிக் கொட்டகையில் தினமும் படித்துக் காட்டினான். அவர்களும் ஆளுக்கொரு தட்டுப் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்து, காட்சிக்குக் காட்சி கைதட்டினார்கள். தட்டிவிட்டுத் தீயை அணைத்தார்கள்.

மறுநாள் பம்பைச் சரியாக்கி, சூறைக்காற்றைக் கிளப்பிவிட்டான்.

"காத்து அடிச்சா அடிக்கட்டுமே," என்றான் மெக்கானிக் கெல்வின். "மன்றத்தைச் சுத்தி ஒரு புல்லு இருக்காது. நான்தான் டிராக்டர் ஓட்டி வெட்டிடுவேன்ல?"

தீ பதினான்காம் பக்கத்தில் படுத்துவிட்டது. அதற்கடுத்த நாள் தண்ணீர் வண்டியைச் சேற்றில் சிக்கவைத்தான். கெல்வினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் வண்டியா? சேத்துலயா?"

தீ ஆறாம் பக்கத்திலேயே அணைந்தது.

"தீயே இல்லேன்னா துப்பறியிறவர் எதுக்கு வரணும்?" என்று ட்ரெவர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பாவம், தூரத்துலேருந்து வர்ற மனுஷன். ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டுமே," என்றான் கெல்வின்.

"அப்படியே அந்த உருகின குப்பைத் தொட்டியையும் எடுத்துடு," என்றாள் பெவர்லி.

"அதுதான் முக்கியமான தடயம்! நிஜமாவே மன்றத்துக்குப் பின்னால கிடந்ததுதானே? அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நானும் அங்கதான் இருந்தேன். விருந்து முடிஞ்சு, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சுட்டுத்தான் பஸ் எடுக்கப் போனேன். எனக்குத் தெரியாதா?"

"கிடந்துட்டுப் போகுது. படத்துல பார்க்க அசிங்கமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, படம் முழுக்கப் பத்துப் பேர் மன்றத்துக் கூரைத் தகரத்தில் சேர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கெல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதுக்கு மேல ஒரு எழுத்தையும் மாத்தாதே!" என்றாள் பெவர்லி.

ட்ரெவருக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்! இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் கொளுத்துறேன். நூத்திப்பத்துப் பக்கமும் எரியும். அந்தப் படுபாவியைக் கடைசிக் காட்சியில ஊர் முன்னால நிறுத்தி, காறித் துப்ப வைக்கிறேன். எவன்னே தெரியாத ஒருத்தனுக்கு எதுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்க?"

கெல்வின் கையிலிருந்த கேக்கையே பார்த்தான். பெவர்லி எழுந்து போய், நேற்றுத்தான் ஓட்டிப் பார்த்த பம்பை இன்னொரு முறை திருகினாள்.

மூலையில் டீ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மெர்ல், அத்தனை நாளும் வாயே திறக்காதவள், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு அடுப்புச் சாம்பல் ஆறிடுச்சுன்னு சொல்லி, அந்தத் தொட்டியில கொட்டிட்டுப் போனது நீதான், கண்ணு."