எர்த் மாமா அணைத்த விளக்கு

மைசூரில் மின்சாரத்தை எர்த் மாமா அளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. மனைவியைச் சந்தேகப்படுகிறவன்கூட நடுவில் கொஞ்சம் தூங்குவான். மாமா தூங்கும்போதும் டெஸ்டர் பனியன் பையில்தான் இருக்கும்.

அக்ரஹாரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி, "எர்த் இருக்கா?" இல்லையென்றால் காபியைத் தொட மாட்டார். தங்கை பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரி வருவதற்குள் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் டெஸ்டரை வைத்துவிட்டார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. "பொண்ணு லட்சணமா இருக்கா. ஃப்ரிட்ஜ்தான் ஆளைக் கொல்லும்" என்றார். சம்பந்தம் அன்றோடு போயிற்று. பெண்ணின் அப்பா மறுவாரமே வீடு முழுக்க எர்த் போட்டுக்கொண்டார் என்பது தனிக் கதை.

ஃபாக்டரியில் எலெக்ட்ரிகல் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி காலமாகிவிட்டாள், குழந்தைகள் இல்லை. காலையும் மாலையும் கோயில்; அதுதான் அவருக்கு வீடு, வாசல், பேச்சுத்துணை எல்லாம்.

அந்தக் கோயில் கமிட்டிக்கு நான் செயலாளர். பட்டருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ட்யூப்லைட் போட்டால் கண்ணில் நீர் கொட்டியது, அணைத்தால் பாராயணப் புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு எல்.இ.டி. பேனல் செய்து தரும்படி மாமாவைக் கேட்டேன். ஒரு வாரம் என்றார். மூன்று மாதம் ஆயிற்று.

"ரங்கா, சந்நிதிகிட்ட தரை எப்பவும் ஈரம். பட்டர் ஈர வேஷ்டியும் வெறுங்காலுமா நிக்கறார். அவர் பக்கத்துல இருநூத்து முப்பது வோல்ட் வரப்படாது. பவர் சப்ளை பெட்டி வெளில, நனையாத இடத்துல. உள்ளே இருபத்துநாலு வோல்ட்தான் வரும். கூட்டிக் குறைக்கற டிம்மர், பெட்டிக்கு அப்புறம்தான், முன்னாடி இல்லே. நடுவுல ஃப்யூஸ். ஃப்ரேமுக்கு எர்த். அஷ்டே, அவ்வளவுதான்."

"அஷ்டேக்கு மூணு மாசமா மாமா?"

மாமா சந்நிதி வாசலில் அலுமினிய ஃப்ரேமை மாட்டி, அதிலிருந்து பச்சை எர்த் வயரையும் இழுத்துவிட்டார். பெட்டி மட்டும் அவர் வீட்டில் சோதனையில் இருந்தது. அதை ஒரு வாரம் ஓடவிட்டு, மணிக்கொரு தரம் குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டாளின் திருவாடிப்பூர உற்சவத்துக்கு நாலு நாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கொள்ளேகாலத்திலிருந்து வந்து ஊரில் தொழில் செய்த ஓர் எலெக்ட்ரீஷியனைப் பிடித்தேன்.

"பொட்டியெல்லாம் எதுக்குங்க சாமி? நேரா கரண்டுலயே ஓடற எல்.இ.டி. ஸ்ட்ரிப் இருக்குதுங்க. ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு வெச்சா கூட்டிக் குறைச்சுக்கலாமுங்க."

உற்சவத்தன்று மத்தியானம், மாமா இல்லாத நேரத்தில், அவர் ஃப்ரேமிலேயே அதை ஒட்டினான். திருப்பினால் குறைவதற்குப் பதில் கண் சிமிட்டியது. பச்சை வயர் அலங்காரத்துக்குக் குறுக்கே அசிங்கமாகத் தொங்கியது. அதை வெட்டியவன் அவன் இல்லை. நான்தான். பூ வெட்டும் கத்தரியால்.

திருவாடிப்பூரத்தன்று சாயங்காலம் மழை. மண்டபம் முழுக்க ஈரமும் ஜனமும். பட்டர் ஸ்நானம் செய்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து, ஃப்ரேமில் பூச்சரம் சுற்றக் கையைத் தூக்கினார். பச்சை வயர் இல்லாததைக் கண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த மாமா அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஃப்ரேமில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஓடிப்போய் மெயினை அணைத்தார். கோயிலே இருண்டது.

"விழுப்புக் கையோட மடியா இருக்கற பட்டரைத் தொட்டுட்டாரே, தீட்டாச்சே!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். "ஃப்ரேம்ல கரண்ட் வரதுடா!" என்று மாமா சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும், தெருவே பார்க்க நான் சொன்னேன்: "போறும் மாமா. இனிமே இந்தக் கோயில் வாசப்படி ஏறாதேங்கோ."

அவர் மழையில் இறங்கிப் போனார்.

மெயினைப் போட்டதும் எலெக்ட்ரீஷியன் தன் டெஸ்டரை ஃப்ரேமில் வைத்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. அவன் அளவுக்கு வெட்டின ஸ்ட்ரிப்பின் முனை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "சாமி, அந்தப் பச்சை வயரு எங்கீங்க? அது இருந்திருந்தா அப்பவே ஃப்யூஸ் போயிருக்குமுங்களே!" என்று என் காதில் கேட்டான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, விளக்கு ரிப்பேர் என்று ஜனங்களிடம் சொன்னோம். ஜனங்கள் பிரசாதத்தில் மும்முரமாக இருந்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் மாமா கோயிலுக்கு எதிர்ச்சாரியில், தெருவிலேயே நின்று தலைக்குமேல் கைகூப்பிவிட்டுப் போவார். நான் உள்ளே இருந்து பார்ப்பேன். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்த ஃப்ரேமைக் கழட்டினது யாரு? நீ ஈரக் கையோட தொடலையே?"

"இல்லை மாமா."

"அப்பாடா."

காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். கோயிலுக்கு வாருங்கள் என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. செயலாளர் பதவி அவ்வளவு பெரிது.

போன மாதம் மாமா காலமானார். இரங்கல் கூட்டத்தில் அவருடைய கைங்கர்யத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் நானே பேசினேன். அந்த ஒரு சாயங்காலத்தைத் தவிர எல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள்.

தெருக்காரர்களுக்கு இப்போது சொல்கிறேன்: பட்டர் இன்று உயிரோடிருப்பது மாமாவால். மாமா வெளியே நின்றது என்னால். என் அப்பா போன பிறகு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அப்படிப் பதறிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.